கத்திரி வெயிலில் ஆகாயப் பிரயாணம்

விமானத்தில் ஏறுகிறவர்கள் அதன் இறக்கையை நினைக்கிறார்கள், எஞ்சினை நினைக்கிறார்கள், முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற விமானியைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக நினைக்கிறார்கள். ஆனால் விமானத்தின் அடிவயிற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, அவர்கள் மூச்சுக்கு மூச்சு உள்ளே வாங்குகிற காற்றைப் பக்குவம் செய்து அனுப்பிக்கொண்டிருக்கும் யந்திரத்தை, அது வேலை செய்ய மறுத்து நிற்கும் நேரத்தில் தவிர வேறெப்போதும் நினைப்பதில்லை. எங்கள் தொழிலில் ‘பேக்’ என்று சொல்லப்படும் அந்த யந்திரத்தைச் சுத்தம் செய்வதும், அதன் குழாய்களில் கசிவு பார்ப்பதும், அது பழுதானால் கழற்றி மாட்டுவதுமாகவே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி மதுரை விமான நிலையத்தில் கழிந்தது.

மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரம், பெருங்குடிப் பக்கத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் உபயோகத்துக்கு வந்த ஓடுதளம்தான் பிற்பாடு பொதுமக்களுக்கான விமான நிலையமாயிற்று. வடமேற்கே திருப்பரங்குன்றம் மலை. மற்றப் பக்கமெல்லாம் பங்குனி பிறப்பதற்குள் வறண்டுபோகிற கண்மாய்களும், சீமைக் கருவேலும், கானல் ஆடுகிற பொட்டல்வெளியும். அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரைப் பௌர்ணமியைத் தொடர்ந்து கத்திரி பிறந்துவிட்டால், நிழலிலேயே பாரன்ஹீட் கணக்கில் 100 டிகிரியைத் தாண்டுவது இங்கே சர்வசாதாரணம். 104, 105 என்று ஏறும் நாட்களும் உண்டு. அது நிழலின் கணக்கு. விமானம் நிற்கிற கான்கிரீட் தளத்துக்கு நிழல் ஏது? அந்த மத்தியான்ன வேளையில் ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டுமானால் ஈரத்துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும். கதவடைத்து நிற்கும் விமானத்தின் உட்பகுதியோ வெளியைக் காட்டிலும் இன்னும் பல டிகிரி கூடுதலாக வெந்திருக்கும். ஜன்னலோர ஆசனத்தில் பெல்ட்டின் உலோகக் கொக்கி தொடையில் பட்டால் சுரீரென்று சுடும்.

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் அறிந்துகொண்டது இதுதான்: ஆகாயத்தில் பிரயாணி படுகிற அவஸ்தையில் பெரும்பங்கு ஆகாயத்தில் உண்டாவதன்று, தரையில், விமானம் கிளம்புவதற்கு முந்திய அரைமணி நேரத்தில், அவர் உடம்பிலும் உடையிலும் வயிற்றிலும் ஏற்றிக்கொண்டு வருகிற உஷ்ணமே மேலே போன பிறகும் அவரை விடாமல் வாட்டுகிறது. குளிர்ச்சியை யந்திரம் தரும். ஆனால் யந்திரத்தின் குளிர்ச்சி அப்படியே தேகத்தின் சௌகரியம் ஆகிவிடாது. இதை நான் பிரயாணிகளிடம் சொன்னால், “நீங்க ஏசியச் சரியாப் போடாம எங்களக் குத்தம் சொல்றீங்களா?” என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளின் பிற்பகுதியில் ஆவ்ரோ விமானங்கள் இங்கே வந்து போய்க்கொண்டிருந்தன. கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய, இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின் பூட்டிய விமானம் அது. உறுதியான வண்டி, ஆனால் அதில் எஞ்சின் சுழலும்வரை உள்ளே காற்று அசையாது. கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசிப் பிரயாணி ஏறும்வரை எல்லாரும் பாதுகாப்புக் குறிப்பு அச்சிட்ட அட்டையால் விசிறிக்கொண்டிருப்பார்கள். அந்த அட்டையை யாரும் படித்து நான் பார்த்ததில்லை, விசிறாதவரையும் பார்த்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், அனுபவசாலி, பனையோலை விசிறியையே கையோடு கொண்டுவந்திருந்தார். விமானப் பணிப்பெண் பஞ்சும் மிட்டாயும் நீட்டியபோது, மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பஞ்சை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “காதுக்கு என்னம்மா, ஒடம்பெல்லாம்ல வேகுது” என்றார். விமானமே சிரித்தது.

போயிங் 737 வந்த பிறகு நிலைமை மாறிற்று. அதன் வாலில் ஏபியு என்ற சிறிய எஞ்சின் ஒன்று உண்டு. பெரிய எஞ்சின்கள் ஓய்ந்திருக்கும்போதும் அது மின்சாரமும் காற்றும் கொடுக்கும். ஏபியுவும் கோளாறாகிவிட்டால், ஏசி வண்டியை இழுத்து வந்து, பருத்த குழாயை விமானத்தின் வயிற்றில் மாட்டிக் குளிர்காற்றை ஏற்ற வேண்டும். வண்டி இல்லாத நாட்களும் இருந்தன. அந்த நாட்களைப் பற்றி விஸ்தரிக்க வேண்டாம்.

ஏடிஆர் விமானத்தின் கதையோ தனி விசேஷம் உடையது. சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து மதுரைக்கு வருகிற, இரண்டு ப்ரொப்பெல்லர்கள் கொண்ட அந்த விமானத்தில் ஏபியு கிடையாது. அதற்குப் பதிலாக, வலப்பக்கத்து ப்ரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, அதன் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, அதிலிருந்து மின்சாரமும் காற்றும் எடுத்துக்கொள்வார்கள். ‘ஹோட்டல் மோடு’ என்பது அதற்கு வழங்கும் பெயர். இடப்பக்கம் ஏணி வழியாக ஏறும் பிரயாணிகள், வலப்பக்கம் இரைச்சல் கேட்கிறது, ஆனால் விசிறி சுற்றவில்லை என்பதைக் கண்டு, “என்னய்யா, ஒரு பக்கம் ஓடலையே, இது போயிச் சேருமா?” என்று என்னிடம் கேட்டது எத்தனையோ தடவை. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: காற்று வால்பக்கமிருந்து பலமாக அடித்தால் எஞ்சின் கக்கும் வெப்பம் திரும்பி அதன் வாய்க்கே வந்துவிடும், ஆகவே அப்போது இதை உபயோகிக்கலாகாது. ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாகப் புறப்பட்டு வரும் காற்று எங்கள் தளத்தில் புழுதியை வாரி இறைக்கும்போது, விமானத்தின் மூக்கை எந்தத் திசையில் நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்தே உள்ளே இருக்கும் எழுபது பேரின் சௌகரியம் அமைந்தது. அதே புழுதி பேக்கின் வெப்பமாற்றியில் படிந்து அடைத்துக்கொண்டால், காற்று வரும், ஆனால் குளிர் வராது. அதைக் கழற்றிக் கழுவி மாட்டுவது முதுகை ஒடிக்கிற வேலை.

பிரயாணிகள் பலர் கேட்ட வேறொரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. “மேலே போனால் வெளியே ஒரே பனிக்குளிர் என்கிறீர்களே, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாற்போல் ஒரு வழி செய்துவிட்டால் போதாதா, ஏசி எதற்கு?” வெளியே குளிர்தான், 35,000 அடி உயரத்தில் சாதாரணமாக பூஜ்யத்துக்குக் கீழே 54 டிகிரி செல்சியஸ். ஆனால் அந்த உயரத்துக் காற்று மிகவும் மெலிந்தது. அதை அப்படியே சுவாசித்தால் நிமிஷக் கணக்கில் மனிதன் நினைவிழந்துவிடுவான். எனவே அந்தக் காற்றை அமுக்கித்தான் உள்ளே விட வேண்டும். அந்த வேலை ஏற்கெனவே எஞ்சினுக்குள் நடந்துகொண்டிருப்பதால், எஞ்சின் தன் உபயோகத்துக்காக அமுக்கிய காற்றில் ஒரு சிறு பங்கைக் கிள்ளி எடுத்துக்கொள்கிறோம். அமுங்கிய காற்று சுடும். எங்கள் குழாய்க்கு அது வந்து சேரும்போது 200 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும். ஆக, வெளியே உறைபனி, உள்ளே வருவதோ கொதிக்கிற காற்று. இரண்டுக்கும் நடுவில் பேக்.

சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்தவர்களுக்கு இதன் தத்துவம் கைப்பழக்கத்திலேயே தெரியும்: அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பாகம் சுடும், வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டால் விரலில் சில்லென்று படும். பேக்கும் அதையே செய்கிறது. கொதிக்கிற காற்றின் சூட்டை முதலில் வெளிக்காற்றிடம் ஒப்படைத்து, பிறகு அதை மறுபடி அமுக்கி, மறுபடி சூட்டை இறக்கி, கடைசியில் நிமிஷத்துக்குப் பல பதினாயிரம் சுற்றுச் சுழலும் ஒரு டர்பைனின் வழியே அதை விரிந்து பாயவிட்டால், உறைநிலையை நெருங்கிய குளிர்ச்சியோடு அது வெளிப்படும். பிறகு சற்று வெங்காற்றைக் கலந்து பதப்படுத்தி, தலைக்கு மேலிருக்கும் துவாரங்கள் வழியே அனுப்புகிறோம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது போன்ற திரவமோ வாயுவோ பெரும்பாலான விமானங்களில் இதற்குக் கிடையாது. காற்றே காற்றைக் குளிரவைத்துக்கொள்கிறது. அந்தத் தத்துவத்தின் அழகு இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை.

இந்தக் குளிர்ந்த காற்று ஈரமான காற்றோடு கலக்கும்போது கூரையோரத்திலிருந்து வெண்மையாக ஆவி இறங்கும். அது மூடுபனியே அன்றி வேறில்லை, ஆனால், “புகை! புகை!” என்று யாராவது ஒருவர் எழுந்து நிற்காத வருஷம் கிடையாது. வறண்ட கத்திரி வெயிலில் இது அதிகம் தோன்றாது. மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி, கார்த்திகையில்தான் தோன்றும். கத்திரிக்குத் தைரியமாக இருந்தவர்கள் கார்த்திகையில் பயந்தார்கள்.

இனி மேலே போன பிறகு நடப்பது. உயரப் பறக்கும் ஜெட் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரைமட்டத்து அழுத்தமன்று. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில் இருக்கும் அழுத்தம். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. அதாவது, மதுரையில் ஏறி உட்கார்ந்தவர் அரைமணி நேரத்துக்குள், வத்தலக்குண்டும் மலைப்பாதையும் இல்லாமலே, கொடைக்கானல் உயரத்துக்குப் போய்விடுகிறார். ஆனால் கொடைக்கானலின் ஈரம் அங்கே இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியில் உள்ள காற்றில் நீர் என்று சொல்லத்தக்கது ஏதும் கிடையாது. அதை 23, 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதன் ஈரப்பதம் நூற்றுக்குப் பத்து, இருபது என்ற அளவுக்கு இறங்கிவிடும். விமானத்துக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரமும் பிரயாணிகளின் சுவாசத்திலும் வியர்வையிலும் வந்தது. ஆகவே அங்கே வியர்வை ஊறியதே தெரியாமல் உலர்ந்துபோகிறது, உதடு வெடிக்கிறது, கண் உறுத்துகிறது, தாகம் மட்டும் தாமதமாகத் தெரிகிறது. பிரயாணி இதையெல்லாம் ‘ஏசி ஜாஸ்தி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார். பாகங்களை உலோகத்துக்குப் பதிலாகக் கூட்டுப்பொருளால் செய்த போயிங் 787 போன்ற விமானங்களில் உள்ளுயரத்தை 6,000 அடிக்குக் குறைத்து, ஈரத்தையும் சற்று அதிகம் வைத்துக்கொள்ள முடிகிறது என்பது இந்த வறட்சியைப் பல தசாப்தங்களாகப் பொறுத்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி.

அடுத்தபடி வயிறு. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். கொடைக்கானல் உயரத்தில் குடலில் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுவதை மதுரைக்காரர்களிடம் விட்டுவிடச் சொல்வதில் எனக்கு விருப்பம் இல்லை. நானும் அவர்களில் ஒருவன். ஆனால் விடியற்காலை விமானத்துக்கு முந்தின ராத்திரி அது வேண்டாம். நீர்மோரோ நீராகாரமோ குடித்து, இரண்டு இட்டிலியோடு நிறுத்திக்கொண்டு வந்தவர்கள் சென்னையில் இறங்கும்போது சிரித்த முகத்தோடு இறங்கினார்கள். சோடா, கோலா வகைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உடையில் பருத்திக்கு நிகர் இல்லை என்பதைச் சுங்குடிப் புடவைக்குப் பெயர்பெற்ற ஊரில் பிறந்தவன் சொன்னால் அது பட்சபாதமாகத் தோன்றலாம். சௌராஷ்டிர சமூகத்தார் நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் அந்தப் புடவைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிய சான்று, கத்திரியில் சுங்குடி கட்டிக்கொண்டு ஏறிய கிழவிகள் ஒருவரும் விசிறிக்கு ஆலாய்ப் பறக்கவில்லை என்பதுதான். ஆனால் பருத்தியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தளத்தில் நடந்து வந்து வியர்த்து நனைந்த பருத்தி, மேலே போனதும் குளிரைப் பற்றிக்கொள்ளும்; கிளம்பும்போது, “ஏசியக் கூட்டச் சொல்லுங்க தம்பி, உசிரு போகுது” என்றவரே இருபதாவது நிமிஷத்தில், “கொறைக்கச் சொல்லும்மா, வெடவெடங்குது” என்பது இதனால்தான். உலர்ந்த துண்டு ஒன்று கைப்பையில் இருந்தால் இரண்டு கஷ்டத்துக்கும் அதுவே பரிகாரம்: முதலில் கழுத்தையும் முதுகையும் ஒற்றித் துடைத்துக்கொள்ளலாம், பிறகு போர்த்திக்கொள்ளலாம். 2012-இல் கொழும்புக்கு விமானம் கிளம்பி மதுரைக்கும் வெளிநாட்டுப் போக்குவரத்து ஏற்பட்ட பிறகு, நீண்ட ராத்திரிப் பிரயாணம் போகிறவர்களையும் பார்க்கும்படியாயிற்று. அவர்களில் பாலியஸ்டர் சட்டைக்கு மேல் பாலியஸ்டர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தவர்களைக் கண்டால் எனக்கு உள்ளபடியே பரிதாபமாக இருக்கும்.

ஆசனத்தைத் தேர்ந்துகொள்வதில் சூரியனை மறந்துவிடுகிறார்கள். மதுரையிலிருந்து சென்னை வடகிழக்கே. காலையில் போகிறவர்களுக்கு வெயில் வலப்பக்கத்தில் விழும், சாயங்காலம் போகிறவர்களுக்கு இடப்பக்கத்தில். சென்னையிலிருந்து வரும்போது இதைத் தலைகீழாகக் கொள்ள வேண்டும். தலைக்கு மேலிருக்கும் காற்றுக் குமிழை நேரே முகத்தில் படும்படி வைத்துக்கொள்வதும் சரியன்று. கண்ணும் மூக்கும் காய்ந்துபோகும். முகத்துக்குச் சற்று முன்னால், மடியை நோக்கி இறங்கும்படி திருப்பிவிட்டால் போதும். காற்று மேலேயிருந்து வந்து, பக்கச் சுவரின் அடியில், பாதத்தருகே உள்ள இடைவெளி வழியாக வெளியேறும்படி அமைத்திருக்கிறது. மணிக்கு இருபது தடவைக்கு மேல் உட்காற்று முழுவதும் மாறிவிடும். அந்த இடைவெளியைக் கைப்பையாலும் பலகாரப் பொட்டலத்தாலும் அடைத்துக்கொண்டு, ‘காத்தே வரல’ என்று முறையிடுகிறவர்களை நான் தினந்தோறும் பார்த்தேன்.

கல்யாண கோஷ்டி ஏறுகிற முகூர்த்த நாட்களில் இன்னொரு சங்கடம். 2013-இல் மதுரை மல்லிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணத்துக்கு அத்தாட்சி தேவையில்லை. பெரிய ஜெட் விமானங்களில் உட்காற்றின் ஒரு பாதியை வடிகட்டித் திரும்ப உள்ளேயே அனுப்புகிறோம். அந்த வடிகட்டி நுண்கிருமியையும் தூசியையும் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது. முப்பது பெண்களின் தலையில் மூன்று முழம் வீதம் பூ இருந்தால், பத்தாவது வரிசையில் இருக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர் பாடு திண்டாட்டம்தான். பூவை எடுக்கச் சொல்வதற்கு எனக்குத் தைரியம் வந்ததில்லை, பணிப்பெண்களுக்கும் வந்ததில்லை.

வெயில் ஏற ஏறச் சமவெளியிலிருந்து அனல்காற்று தூண் தூணாக மேலே எழும்பும். காய்ந்த கண்மாயின் மேல் ஒரு தூக்கு, தோப்பின் மேல் ஒரு இறக்கம், சிறுமலையையும் அழகர்மலையையும் ஒட்டி வரும்போது சில குலுக்கல்கள். பதினொரு மணிக்கு மேல் மதுரையில் இறங்குகிறவர்களுக்கு இது தப்பாது. குலுக்கலோடு புழுக்கமும் சேர்ந்தால்தான் குமட்டல் முற்றும். அப்போது மட்டும் காற்றுக் குமிழை முகத்துக்கு நேரே திருப்பிக்கொள்ளலாம். மாத்திரையைவிடச் சீக்கிரம் குணம் தெரியும். இறக்கையை ஒட்டிய வரிசைகளில் குலுக்கல் குறைவு. கத்திரியில் விடியற்காலை விமானத்துக்கு இடம் கிடைத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். காற்று அடங்கியிருக்கும், விமானமும் ராத்திரி முழுவதும் குளிர்ந்து நின்றிருக்கும்.

மத்தியான்னத்தில் வந்து நிற்கிற விமானத்துக்குத்தான் எங்கள் உழைப்பு முழுவதும் செலவாகும். கதவைத் திறந்து, வந்தவர்கள் இறங்கி, அடுத்தவர்கள் ஏறுவதற்குள் கிடைக்கிற அற்ப நேரத்தில், பேக் எவ்வளவு முக்கினாலும், மறைப்பு இழுக்காத ஜன்னல்கள் வழியாக வந்து ஆசனங்களில் படிகிற வெயிலோடு அது போட்டியிட முடியாது. உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒவ்வொருவரும் 100 வாட் அளவுக்கு உஷ்ணத்தை வெளியிடுகிறார்; எழுபது பேருக்கு ஏழு கிலோவாட். அதற்குமேல் சூரியன் வேறு. அதனால்தான் இறங்கும்போது ஜன்னல் மறைப்பைக் கீழே இழுத்துவிட்டுப் போகும்படியும், காற்றுக் குமிழைத் திறந்தே விட்டுவிடும்படியும் கோடைக்காலத்தில் கேட்டுக்கொள்கிறோம். படித்தவர்களும் அவசரக்காரர்களும் பெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். வெயில் ஏறுமுன் வீட்டு ஜன்னலைச் சாத்திவைத்துப் பழகிய வயதான பெண்மணிகள்தான், யாரும் சொல்லாமலே, தங்கள் ஜன்னலோடு எட்டுகிற தூரத்து ஜன்னலையும் சேர்த்து மூடிவிட்டு இறங்கினார்கள். அவர்கள் இறங்கிப்போன வரிசைகளில் ஆசனத்தைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது. மற்ற வரிசைகளுக்கு நாங்கள் உள்ளே ஓடி, ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்திக்கொண்டு வருவோம், அதற்குள் ஏணியடியில் அடுத்த கூட்டம் வந்து நிற்கும்.